மாடியில் கேட்ட மூன்று தட்டு

பூட்டுக்காரர் என்னிடம் பேசுவதற்கு முன் என் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

“போட்டோவுல மீசை இருக்கே?”

“எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

சாவி வெட்டும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னார்: “தம்பி, கல்யாணமான அன்னிக்கே என்னையும் இப்படித்தான் கேள்வி கேட்டார். நீங்க உக்காருங்க.”

நான் அங்கே சென்றதற்குக் காரணம் நகர்மன்ற அவைக்குறிப்பின் ஒரு பக்கம். இரு அணிகளும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் ஒன்று தோற்றுப்போனதாக அதில் பதிவாகியிருந்தது. எதிர்த்து எழுந்து நின்றவர்களுள் அதை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் இருந்தனர். தாங்கள் பெற்ற தீர்மானத்தின் கழுத்தைத் தாங்களே நெரித்ததற்கு எந்த விளக்கமும் அங்கே இல்லை. அன்று பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களைத் தேடிக்கொண்டு போனபோது, எல்லோரும் கைகாட்டியது இந்தக் கடையைத்தான்.

பூட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘இன்னொருதரம்’. கடையைப் பூட்டி இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, “இன்னொருதரம் பார்த்துட்டு வந்துடறேன்” என்று திரும்பி வருவார். தான் செய்த பூட்டையே நம்பாதவர் என்று பக்கத்துத் தையற்கடைக்காரர் கேலி செய்வதுண்டு. அதற்கு அவர் பதில், “நான் செஞ்சதாலதான் நம்பலை. அதுல என்னென்ன தப்பு நடக்கும்னு எனக்குத்தானே தெரியும்.”

கடை நகர்மன்றத்துக்குச் சொந்தமான இரண்டடுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல்தளம் நெடுங்காலமாக ஒரு சகோதரர் சங்கத்தின் வசம். உறுப்பினர் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பது அதன் சத்தியம். அவர்கள் பின்சந்து வழியாக வந்து, பின்படியில் ஏறி, அதே வழியே போய்விடுவார்கள். முன்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் சத்தங்கள்தான். கூட்டம் நடக்கும் மாலைகளில் கூரைக்கு மேலே மரச்சுத்தியால் அடுத்தடுத்து இரண்டு தட்டு, சிறிது இடைவெளி, பிறகு மூன்றாவது தட்டு. அது ஓய்வதற்குள் அத்தனை நாற்காலிகளும் ஒரே சமயத்தில் இழுபடும். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்பது அதற்குப் பொருள். தலைமுறை மாறியும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

அவருடைய சந்தேகத்துக்கு முதல் காரணம் மிக எளியது. “கீழேயே பூட்டுக்கடை இருக்கு. ஆனா அவங்க இதுவரைக்கும் ஒரு சாவிகூட எங்கிட்ட வெட்டினதில்லை. ஊரைச் சுத்திப் போய் வேற எங்கேயோ வெட்டறாங்க. அப்போ என்ன அர்த்தம்?”

“உங்க முகத்தைப் பார்க்கப் பிடிக்கலைன்னு அர்த்தம்,” என்றார் மனைவி.

பிறகுதான் அந்தத் தீர்மானம் வந்தது. கீழ்த்தளக் கடைகளின் குத்தகையை ரத்துசெய்து, முழுக் கட்டடத்தையும் ‘சமூகப் பணிக்காக’ சங்கத்திடம் ஒப்படைப்பது என்பது அதன் சாரம். ஆளும் அணித் தலைவர் முன்மொழிவார், எதிரணித் தலைவர் வழிமொழிவார் என்று செய்தி பரவியது. ஒரு சாக்கடை மூடியை மாற்றுவதற்குக்கூட ஒத்துப்போகாத இருவர் அவர்கள். மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுபவர்கள். அவர்கள் ஒன்றாய்க் கைகோத்ததைக் கேட்டதும் பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாராம்.

“ரெண்டு பேரும் மேலதான் சந்திக்கறாங்க,” என்றார்.

“பார்த்தீங்களா?” என்று மனைவி கேட்டார்.

“பார்த்திருந்தா சந்தேகம்னு ஏன் சொல்லப்போறேன்?”

கடை போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இருவரும் செய்யத் தெரிந்த ஒரே வேலை இது. தெரிந்த வாடிக்கையாளர்களும் இந்தத் தெருவுக்குள்தான். மனைவி வார்டு உறுப்பினரை நேரில் போய்ப் பார்த்தார். அவர் கடைக்கே வந்து, வாசற்படியில் நின்று வாக்குக் கொடுத்தார்: “அக்கா, நான் எதிர்த்து நிப்பேன். நீங்க கவலைப்படாதீங்க.”

அவர் போனதும் மனைவி முகம் தெளிந்தது. கணவர் முகம் இருண்டது. “பேசும்போது ரெண்டு தடவை மாடியைப் பார்த்தான். கவனிச்சியா?”

“மாடியில பல்லி கத்திச்சு.”

“பல்லிக்கு எதுக்கு வேர்க்கணும்?”

நகர்மன்றத்தின் விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தீர்மானத்தால் பயன்பெறும் அமைப்பில் உறுப்பினராக இருப்பவர், அதை அவையில் அறிவித்துவிட்டு வாக்கெடுப்புக்கு முன் வெளியேற வேண்டும். அன்று நகர்மன்றத் தலைவரான அம்மையார் முறைப்படி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒருவரும் வெளியேறவில்லை.

பூட்டுக்காரரும் மனைவியும் பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் இருந்தனர். அவர் பையில், பழுதுபார்க்க வாங்கிய கனத்த பித்தளைப் பூட்டு ஒன்று இருந்தது. வாயிற்காவலர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அவையில் முதலில் எதிர்ப்பவர்களைத்தான் எழச் சொல்வார்கள்; எவரும் எழாவிட்டால் தீர்மானம் நிறைவேறியதாகிவிடும். அம்மையார் சொன்னார்: “எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்.”

அவை அசையவில்லை. வார்டு உறுப்பினர் தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கணவரின் முழங்கையைப் பற்றினார்.

அந்த நொடியில் பூட்டுக்காரர் பூட்டை எடுத்து மாடத்தின் மரக்கைப்பிடியில் தட்டினார். அடுத்தடுத்து இரண்டு, சிறிது இடைவெளி, பிறகு ஒன்று.

“எவன் தலை திரும்புதுன்னு பார்க்கத்தான் தட்டினேன்,” என்றார் என்னிடம். “அவங்க எழுந்து நிப்பாங்கன்னு நான் நினைக்கவேயில்லை.”

எழுந்தார்கள். ஆளும் அணித் தலைவர், எதிரணித் தலைவர், இரு பக்கமும் சேர்த்து அவையில் பாதிக்கு மேற்பட்டோர். எழுந்ததோடு நிற்கவில்லை; சங்கத்து வணக்கம்போல ஒவ்வொருவரின் வலது கையும் தானாகவே இடது தோளுக்குப் போனது. பாதி வழியில் சிலருக்கு நினைவு வந்து கை அந்தரத்தில் நின்றது. செயலர், விதிப்படி, நிற்பவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டார்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தீர்மானமே உங்களுடையது. அதை நீங்களே எதிர்க்கிறீர்களா?”

ஆளும் அணித் தலைவர் தொண்டையைச் செருமினார். “இல்லை... கால் மரத்துப்போச்சு. அதான் எழுந்தேன்.”

மாடத்திலிருந்து பூட்டுக்காரரின் மனைவி குரல் கொடுத்தார்: “கால் மரத்துப்போனா கை எதுக்குங்க தோள்ல?”

மாடம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. “எழுந்ததற்கு வேறு காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம். பதிவு செய்துகொள்கிறோம்.”

வேறு காரணத்தைச் சொல்வதென்றால் சங்கத்தைச் சொல்ல வேண்டும். சங்கத்தைச் சொன்னால், சற்று முன் வாய்மூடி இருந்ததற்கும் பதில் சொல்ல வேண்டும். முதலில் பேசியவர் வார்டு உறுப்பினர்: “நான் எதிர்க்கிறேன்.” எதிரணித் தலைவர் உட்காரப் பார்த்தார்; செயலரின் பேனா தன் பெயருக்கு வந்துவிட்டதைக் கண்டு மீண்டும் நிமிர்ந்தார். “நானும்தான்.” மற்றவர்களும் ஒவ்வொருவராய் அதையே முணுமுணுத்தனர். தீர்மானம் தோற்றது. கடை பிழைத்தது.

எல்லாம் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். பூட்டுக்காரருக்கு முடியவில்லை.

“வார்டு உறுப்பினர் ரெண்டாவது தட்டுக்கே எழுந்துட்டான். மத்தவங்க மூணாவதுக்குத்தான். அவன் கையும் தோளுக்குப் போகலை.”

“அப்புறம் என்ன?” என்றார் மனைவி. “சொன்ன வாக்கைக் காப்பாத்தினார். அவர் அந்தச் சங்கத்திலேயே இல்லை.”

“இல்லைன்னா அந்தம்மா எழச் சொன்னதும் ஏன் எழலை? நான் தட்டற வரைக்கும் எதுக்குக் காத்திருந்தான்?”

“தனியா எழுந்திருக்க எல்லாருக்கும் கொஞ்சம் பயமா இருக்கும்ங்க.”

இந்த வழக்கை இருவரும் இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டபின் எனக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. நேரில் கேட்கலாமென்று வார்டு உறுப்பினர் வீட்டுக்கு நான் போனபோது, அவர் என்னிடம் நன்றாகப் பேசினார். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.

தீர்மானம் தோற்ற சில வாரங்களுக்குப் பின் அந்த வார்டு உறுப்பினர் கடைக்கு வந்தார். நீளமான பழைய சாவி ஒன்றைக் கொடுத்து, மாற்றுச் சாவி வேண்டுமென்றும் சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எந்தப் பூட்டுக்கு என்று பூட்டுக்காரர் கேட்டதற்கு, “வீட்டுல ஒரு அறைக்கு அண்ணா,” என்று போய்விட்டார்.

மனைவி இயந்திரத்தில் வெட்டி முடித்தார். பூட்டுக்காரர் புதுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனார். பின்படியில் பாதி ஏறிவிட்டார். மேலே சங்கத்தின் கதவு. அதன் பூட்டுத்துளையும் நீளமானதுதான்.

“இறங்குங்க,” என்றார் கீழே வந்து நின்ற மனைவி. “நம்பிக் கொடுத்த சாவியை, கொடுத்தவர் காட்டாத பூட்டுல போட்டுப் பார்க்கறவனுக்குத் திருடன்னு பேரு. பூட்டுக்காரன்னு இல்லை.”

“ஒரே ஒரு தரம். போட்டா தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சா? இந்தக் கடையை எதுக்காக இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தினோம்?”

வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு இறங்கிவந்து, சாவியைத் துடைத்து, தாளில் சுற்றி வைத்தார். சாயங்காலம் வார்டு உறுப்பினர் வந்து நன்றி சொல்லி வாங்கிச் சென்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பூட்டுக்காரர் திருப்புளியை எடுத்துத் தன் கடைக்கதவின் பூட்டைக் கழற்றத் தொடங்கினார். நேற்றுவரை நன்றாக இருந்த பூட்டு.

“இப்போ யாருக்குப் பயந்து இதை மாத்தறீங்க?” என்றார் மனைவி.

“நமக்காக எழுந்து நின்னவங்களுக்கு,” என்றார் அவர்.

புதுப் பூட்டை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்து, திரும்பி வந்தார்.