பெரியம்மாவின் தொடை எலும்பு

என் மருந்துக்கடையின் இரண்டாவது படியில் காலை வைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரியம்மா விழவில்லை. கதவைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த வலி மாத்திரை அட்டை கையிலேயே இருந்தது. இடறவில்லை, வழுக்கவில்லை, வெறுமனே இறங்கியதற்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கருக்கு மேல் வரும் பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்தவர் அவர். பெரியப்பா இல்லை, மகன் சிங்கப்பூரில். மாதவிலக்கு நின்று பல வருடங்களுக்குப் பிறகு ரத்தம் பட, தஞ்சாவூரில் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய். அதை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். மூன்று வருடமாகத் தொந்தரவில்லை. எல்லாம் முடிந்தது என்றே இருந்தோம்.

அந்த வருடம் நாற்று விட்ட நாளிலிருந்து கால் வலி. வாரம் தவறாமல் கடைக்கு வருவார். ஒருமுறை, "நடந்தா வலிக்கறது சரி தம்பி, படுத்தாலும் வலிக்குதே" என்றார். படுத்தாலும் விடாத வலியைச் சும்மா விடக்கூடாது என்று படித்தவன் நான். அவருடைய ஆபரேஷனுக்கு உடன் போனவனும் நான்தான். இருந்தும், "சேத்துலயே நிக்கிறீங்க, அதான். ஒண்ணுமில்ல பெரியம்மா" என்று சொல்லி மாத்திரையை நீட்டினேன். நான்கு மாதம் அப்படியே போயிற்று.

தஞ்சாவூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு ஓரிடத்தில் அரித்துப்போயிருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அங்கிருந்து எடுத்த துணுக்கைப் பரிசோதித்ததில் அதே கர்ப்பப்பை நோய்தான் என்று தெரிந்தது. காலுக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, தினமும் ஹார்மோன் மாத்திரை, மாதம் ஒருமுறை எலும்புக்கான மருந்து டிரிப்பில்; அது தாடையைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் பல்லைச் சோதித்தார்கள். நோயை இது போக்காது, வலியைக் குறைத்து நடக்க வைக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். முன்பே படம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். எலும்பு முறியாமல் பார்த்திருக்கலாம், நோயைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார்.

வலி உண்மையிலேயே குறைந்தது. அறுவடைக்கு வாக்கர் பிடித்து வரப்புவரை வந்தார் பெரியம்மா. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இவன் மாத்திரையில்தான் நடவை முடித்தேன் என்று பெருமையாகச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தை பிறந்த பிறகு நோய் முதுகெலும்புக்கும் வந்து, அவர் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்பவே படம் எடுக்கச் சொல்லியிருக்கணும் பெரியம்மா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."



"எனக்கே சந்தேகம் இருந்துச்சுடா" என்றார். "டாக்டர்கிட்ட போனா படுக்க வச்சிருவாங்க. நீ ஒண்ணுமில்லன்னு சொல்லுவ. அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. சித்திரையில் போய்விட்டார்.

இப்போதும் கடையில் யாராவது காலையோ இடுப்பையோ தடவியபடி நின்று, "ஒண்ணும் இருக்காதுல்ல தம்பி?" என்று கேட்கிறார்கள். என் முகத்தையே பார்க்கிறார்கள். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லும்வரை அவர்கள் கண்களில் இருப்பது பெரியம்மாவின் பார்வைதான்.