பதினொரு வீட்டுக்கு ஒரு பிரதி

எங்கள் பத்திரிகைக்கு அச்சகம் கிடையாது. மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி, பிரதிக்கு நாற்பத்தெட்டுப் பக்கம். கையால் எழுதி, ஓரத்தில் நூலால் தைத்து, அட்டை போட்டு, எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பதினொரு வீடுகளுக்குச் சுற்றுக்கு விடுவோம். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்தவர்கள் கடைசிப் பக்கங்களில் கருத்து எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு நாளில் பிரதி என்னிடம் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாதம்கூட அது திரும்பியதில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தீவின் துறைமுகத்தருகே ஒரு வியாபார அலுவலகத்தில் கணக்கெழுதும் இளைய கிராணி. கட்டுரையும் படமும் என்னுடையவை. கையெழுத்து, டத்தோ கிராமாட்டில் குடியிருந்த பள்ளி ஆசிரியை அக்காவுடையது. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்த என் நண்பன் சபைச் செய்திகளைச் சேகரிப்பான், தாள்களைத் தைப்பான். தாளும் மையும் சபைச் செலவு.

ஓர் இடத்தில் உட்கார முடியாத காலம் அது. வேலை முடிந்ததும் கடற்கரைக்குப் போவேன். புகைக்கூண்டின் நிறத்தைப் பார்த்தே அது எந்தக் கம்பெனிக் கப்பல் என்று சொல்லிவிடுவேன். ஒரே வருஷத்தில் முப்பத்தொரு கப்பல்களை வரைந்திருந்தேன், ஒன்றிலும் ஏறியதில்லை. சபை வாசகசாலை அலமாரியில் இருந்த பயணப் புத்தகங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாயிற்று. ஆராதனை நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஊதினால் பிரசங்கம் காதை விட்டுப் போய்விடும். தேவனே, என்னை எங்கேயாவது அனுப்பும் என்று முழங்காலில் நிற்பேன். நிற்கும்போதே அடுத்த சங்கு எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த மனநிலையில் எழுதிய கட்டுரைதான் வம்பை இழுத்தது. கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகும் கப்பலில் ஏறி, கடைசியில் மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த தீர்க்கதரிசியைப் பற்றியது. கூலி கொடுத்துக் கப்பல் ஏறிய அவருடைய துணிச்சலை இரண்டு பக்கம் வர்ணித்தேன். கப்பலின் அடித்தட்டில் அவர் நிம்மதியாகத் தூங்கியதற்கு ஒரு பக்கம். "நானாக இருந்தாலும் அந்தக் கப்பலில்தான் ஏறியிருப்பேன்" என்று முடித்தேன். கப்பலுக்கு எங்கள் துறைமுகத்தில் நின்ற ஒன்றின் உருவத்தையே கொடுத்துப் படமும் போட்டேன்.

ஆறாவது வீடு சபைப் பொருளாளருடையது. அவர் படித்துவிட்டுப் போதகரிடம் போனார். கீழ்ப்படியாமையை வாலிபர்களுக்குக் கற்பிக்கிற பத்திரிகைக்குச் சபைப் பணத்தில் தாள் வாங்குவதா என்று கேட்டாராம். போதகர் என்னைக் கூப்பிட்டு, வரும் ஞாயிறு மாலை கமிட்டி கூடும், பிரதியைக் கொண்டு வா, படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார். கொண்டு வராவிட்டால் ஒளிக்கிறாய் என்று பொருளாளர் சொல்வார், அதோடு பத்திரிகை நின்றுவிடும் என்றும் சொன்னார். இது நடந்தது வியாழக்கிழமை.

பிரதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கணக்குப்படி ஒன்பதாவது வீட்டில் இருக்க வேண்டும். அங்கே போனால் எட்டாவது வீட்டார் இன்னும் தரவில்லை என்றார்கள். எட்டாவது வீடு அக்காவுடையது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய் நின்றபோது அவர் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நம் நண்பன்தான் வந்து கேட்டான், அவனிடம் கொடுத்துவிட்டேன் என்றார்.

"அவன் வீடு கெலுகோர்ல. அது வரிசையில பதினோராவது அக்கா."

"வரிசை பாக்குற ஆளா அவன்? புக்கிட் மெர்தாஜாமுக்கு மாத்திட்டாங்களாம், கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாளைக்கு அரை நாள்தானே ஒனக்கு. ஒரு வருஷமா கப்பல் கப்பல்னு உயிரை வாங்குற, ஃபெரியாவது ஏறு."

சனிக்கிழமை ஒரு மணிக்கு அலுவலகம் விட்டதும் ஓடினேன். டிக்கெட்டைத் தீவிலேயே வாங்கி, அக்கரையிலுள்ள பிறைக்கு ஃபெரிப் படகில் கடந்து, ரயில் ஏறினேன். ரயிலில் நான் உட்காரவேயில்லை. புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் நண்பன் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். பிரதி எங்கே என்றேன். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறது என்றான். கடைக்காரருக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டினானாம். அவர் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் கடையில் உரக்கப் படிக்கிறாராம். கருத்துப் பக்கம் தீர்ந்துபோனதால் இவனே நாலு பக்கம் புதிதாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறான்.

சபைக்கு வெளியே யார் கொடுக்கச் சொன்னது என்று அவனைக் கோபித்துக்கொண்டேன். வெளியே கொடுக்கக்கூடாது என்று யார் சொன்னது என்று அவன் கேட்டான். உண்மையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், ஒரு தட்டார். கடைக்காரர் பிற்பகல் அசர் தொழுகை முடித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து, என் கட்டுரையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். என் வாக்கியங்கள் இன்னொருவர் வாயில் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடியும்வரை காத்திருந்து, எழுதியது நான்தான், பிரதி வேண்டும் என்றேன்.

"ஒக்காரு தம்பி. தேத்தண்ணி குடி லா. இவ்வளவு சின்னப் பையனா நீ?"

ஃபெரிக்கு நேரமாகிறது என்றேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"இவரு எங்க நபியும்தான், தெரியுமா? அவரு கப்பல் ஏறினதை மூணு பக்கம் எழுதியிருக்க. மீனு வயித்துக்குள்ள கெடந்து இறைவன்கிட்ட கேட்டாரே, அதைக் காணோமே. எங்க வீட்ல ஒரு கஷ்டம்னா அதைத்தான் ஓதுவோம். அதை விட்டுட்டா இது வெறும் டிக்கெட் வாங்குன கதை."

தட்டார் சிரித்தார். "நாகப்பட்டணத்துலேருந்து வந்தப்போ எனக்கு ஒரு ராத்திரி தூக்கமில்ல. இவரு எழுதுன ஆளு மட்டும் நல்லா தூங்குறாரு. தம்பி கப்பல்லயே ஏறினது இல்லபோல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. கடைக்காரர் பிரதியை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். ஃபெரியில் பிரித்துப் பார்த்தேன். நாலு பக்கமும் நிறைந்திருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு நண்பன் எழுதிக் கொடுத்திருந்தான். கடைக்காரர் அந்தப் பிரார்த்தனையை அரபியில் ஒரு வரியும், கீழே தமிழில் பொருளும் எழுதியிருந்தார். மீன் வயிற்றிலிருந்து அவர் செய்த ஜெபத்தை எங்கள் வேதத்தில் உள்ளபடி ஞாயிற்றுப்பள்ளியில் நான் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன். கட்டுரை எழுதிய பத்து நாளில் ஒரு தடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. இந்த நாலு பக்கத்தைக் கமிட்டி பார்த்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நூலை இழுத்தால் வந்துவிடும். இரண்டு தடவை நகத்தை நூலில் வைத்தேன். பிறகு படகு கரை சேர்ந்துவிட்டது.

ஞாயிறு மாலை ஏழு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா வெளியே வராந்தாவில் இருந்தார். கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லை. பொருளாளர் என் கடைசி வாக்கியத்தை மூன்று முறை வாசித்தார். அதற்கு நான் தயாராக இருந்தேன். வயதுக் கோளாறு என்று போதகர் அதை முடித்துவிட்டார். அப்புறம் பொருளாளர் பக்கத்தைப் புரட்டினார், அரபி எழுத்தைக் கண்டார். பிரதியைப் போதகர் பக்கம் தள்ளினார்.

போதகர் மெதுவாகச் சொன்னார்: "தைச்சது நாலு பக்கம்தானே. நீயே எடுத்துடு. மத்தபடி பத்திரிகை நடக்கட்டும்."

நான் மேஜையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பத்திரிகை நடப்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, நான் எழுதாம விட்ட ஜெபம் அதுலதான் இருக்கு" என்றேன்.

"அது நம்ம ஜெபம் இல்ல" என்றார் பொருளாளர்.

"மீனுக்குள்ள இருந்து ஜெபிச்சவர் ஒருத்தர்தானே ஐயா."

கை தூக்கச் சொன்னார்கள். பத்திரிகைக்கு எதிராக நாலு, ஆதரவாக மூன்று. அது இனிச் சபையின் பத்திரிகை அல்ல, சபைப் பணம் அதற்கு இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். பிரதியை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று பொருளாளர் எழுந்தார். போதகர் தன் கையை அதன் மேல் வைத்தார்.

"சபையோடது இல்லன்னு இப்பத்தானே எழுதினோம். சபையோடது இல்லாததைச் சபை அலமாரியில எப்படிப் பூட்டறது? தம்பி, எடுத்துக்கிட்டுப் போ."

அந்த மூன்று கைகளில் ஒன்று அவருடையது. எனக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. கால் வாசலுக்குப் போய்விட்டது.

வராந்தாவில் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பிரதியை வாங்கி, விளக்குக்குக் கீழே நின்று நாலு பக்கத்தையும் படித்தார். தன் கையெழுத்துக்கு நடுவே நண்பனின் கோழிக்கால் எழுத்து வந்ததைப் பற்றித்தான் முதலில் குறைபட்டார். அப்புறம், தாள் யார் வாங்குவது என்று கேட்டார். என் சம்பளத்தில் என்றேன். எத்தனை வீட்டுக்கு என்றார். பதினொன்றில் எதிராகக் கை தூக்கிய நாலு வீடு கழிந்தால் ஏழு. கடையை ஒரு வீடாக எண்ணுவதா, ஒன்பது வீடாக எண்ணுவதா என்று நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோதே அவர் தாள்கடைக்குப் போக ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார்.