இரண்டு வாரப் புண்

எங்கள் குடும்பத்தில் ஒரு மூக்குத்தியால் ஏறக்குறைய ஓராண்டு சண்டை நடந்தது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு காரைக்குடிப் பக்கத்திலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான காஹாங்குக்கு வந்தவர் என் சித்தி. அவருக்கு இடது மூக்கில், மூக்குத்தியை ஒட்டினாற்போல் மிளகளவில் ஒரு கறுப்புப் புண் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கசியும். வலி கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட மூக்குத்தியில் செம்பு கலந்திருக்கிறது என்று சித்தியின் அம்மா ஊரிலிருந்து போனில் சொல்லிவிட்டார். என் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. மூக்குத்தியைக் குளுவாங் டவுனில் நகைக்கடைக்கு எடுத்துப்போய், உரசிப் பார்த்து, சுத்தத் தங்கம் என்று நிரூபித்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மூக்கைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் அம்மா பிடிவாதமாகச் சொல்லி, சித்தி கிளினிக்குக்குக் கிளம்பினார். சித்தப்பாவால் மளிகைக் கடையை விட்டு நகர முடியாது. சித்திக்கு மலாய் வராது. எனக்குப் பத்து வயது, மலாயில் நல்ல மார்க், வாயும் நீளம். "இவளக் கூட்டிட்டுப் போ, டாக்டருக்கே பாடம் எடுப்பா" என்றார் சித்தப்பா. அந்தப் பெருமையில் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் போனேன்.

எங்களுக்கு முன்னால் காலில் புண்ணோடு ஒரு பெரியவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. "கெனாப்பா பாரு டாத்தாங்?" என்று டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஏன் இப்போதுதான் வருகிறீர்கள், இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று விடாமல் கேட்டார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து சித்திக்கும் இந்தத் திட்டுதான் என்று பட்டது. சித்தியை யாராவது திட்டினால் என்னால் தாங்க முடியாது. அம்மா பிரம்பை எடுக்கும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்பவர் அவர்தான்.

எங்கள் முறை வந்தது. மூக்கைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். நான் சித்தியிடம் கேட்டேன்.

"போன தீவாளிக்கு முன்னாடியே வந்துருச்சு ஆத்தா. ஒரு வருசம்னு சொல்லு."

நான் டாக்டர் பக்கம் திரும்பி, "டுவா மிங்கு" என்றேன். இரண்டு வாரம்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டு ஒரு களிம்பு கொடுத்தார். ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் வரச் சொன்னார். அதை மட்டும் சரியாகச் சொன்னேன். களிம்பில் பொருக்கு உதிர்ந்து மூக்கு பளபளத்தது. ஆறிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். சித்தப்பா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மறுபடி கசிந்தபோது, டாக்டரிடம்தான் காட்டியாகிவிட்டதே என்று சித்தி அதே களிம்பை வாங்கி வாங்கித் தடவினார். ஒன்றரை வருடம் போயிற்று. மூக்கின் ஓரம் அரித்து, மூக்குத்தி போட்ட துளையே காணாமல் போனபோதுதான் ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் இருக்கும் இடத்தை மெதுவாகத் தின்றுகொண்டே போகும் வகை. வருடக்கணக்கில் வெயில் பட்டு வருமாம். சித்தி கீரைத் தோட்டமே கதி என்று கிடந்தவர். ஆறாத புண் எத்தனை நாளாக இருக்கிறது என்பதுதான் அதைப் பிடிக்கும் முதல் கேள்வி. மிளகளவில் வெட்டியிருந்தால் நாலு தையலில் முடிந்திருக்கும். இதையெல்லாம் பெரியவளான பிறகு தேடிப் படித்தேன். இன்றைக்கும் சித்தி போட்டோவுக்கு வலக் கன்னத்தைக் காட்டித்தான் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

சோதனை முடிவு சொன்ன அன்று, ஆஸ்பத்திரி டாக்டரும் எத்தனை நாளாக என்று கேட்டார். சித்தப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன், இரண்டரை வருடம் என்று. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு, மூக்கு மடலை எடுத்துவிட்டு நெற்றித் தோலை இறக்கி மூட வேண்டும் என்று சித்தப்பாவிடம் மெதுவாக விளக்கினார்.

திரும்பும்போது காரில் எனக்கு ஒரே சந்தோஷம். "இவரு நல்ல டாக்டர் சித்தி. திட்டவே இல்ல, பாத்தீங்களா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஆமா ஆத்தா, நல்ல டாக்டரு" என்றார் சித்தி. சித்தப்பா சாலையைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினார். இனித் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால்தான் அந்த டாக்டர் திட்டவில்லை. அது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.