மாதா குடியிருக்கும் புகைக்கூடு

வீடு பார்க்கப் போன அன்று என் மனுசி அறைகளைப் பார்க்கவில்லை, குசினியையும் பார்க்கவில்லை. ஹோலுக்குள் கால் வைத்தவ, நடுச்சுவரில் செங்கல்லால் வளைத்துக் கட்டியிருந்த ஒரு குழிவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா.

“இஞ்சேருங்கோ, கெபி,” என்றா.

எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கோயில் வளவுகளில் மாதாவுக்குக் கல்லால் குகை மாதிரிக் கட்டி வைத்திருப்பார்கள். அதைத்தான் கெபி என்போம். இதுவும் அதே வளைவு, அதே ஆழம். உள்ளே கல்லெல்லாம் கறுத்துப் போயிருந்தது, மெழுகுதிரிப் புகை பிடித்தது போல. வீடு காட்ட வந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்தா. ஃபயர்பிளேஸைத்தான் நாங்கள் விரும்பிவிட்டோம் என்று அவ நினைத்திருப்பா. அது நெருப்பு மூட்டுகிற இடம் என்று எனக்குத் தெரியாமலில்லை, படங்களில் கண்டிருக்கிறேன். ஆனால் வெயிலில் வளர்ந்தவனுக்கு வீட்டுக்குள்ளே நெருப்பு வேண்டும் என்பது மனதில் ஏறாது. வீட்டு லோன் கிடைத்தது, சாவி கிடைத்தது. பெட்டிகளை அவிழ்க்க முதலே மடு மாதாவின் சுருவத்தை அந்தக் குழிவுக்குள் வைத்துத் திரி கொளுத்தினோம்.

ஆக்லாந்தில் பனி கொட்டாது. அதனால் இங்கே குளிரில்லை என்று கனடாவிலிருக்கிற சொந்தக்காரர் நினைக்கிறார்கள். அங்கே குளிர் வெளியில்தான். எங்களுக்கு வீட்டுக்குள்ளேதான் குளிர். பலகை வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். குளிர்காலத்துக் காலைகளில் கண்ணாடிகளைத் துவாயால் துடைத்துப் பிழிவதுதான் என் முதல் வேலை. சில்லு வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். அது சூட்டோடு ஈரத்தையும் கக்கியது. அலுமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் பூஞ்சணம்.

என் மனுசிக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா என்பார்களே அது. ஊரில் எப்போதாவது வரும். இங்கே வந்த பிறகு குளிர்காலம் முழுக்க நெஞ்சு இழுத்தபடியே இருந்தது. மருந்துப் பம்ப் எப்போதும் கைக்குள்.

பொழுதுபட்டதும் ஹோலில் செபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். சுகமோ சுகமில்லையோ அவ அந்தக் குளிர்ந்த தரையில், மாதாவுக்கு முன்னால், முழந்தாளில் இருப்பா. மகள்மார் இருவரும் தங்கள் அறைகளில் சின்ன ஹீட்டரைக் காலடியில் வைத்துப் போர்வைக்குள் இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள், பாதியில் நழுவிவிடுவார்கள்.

ஒருநாள் மூத்தவள் கேட்டாள், “அம்மா, கேன் வி ப்ரே இன் மை ரூம்?”

“மாதாவைத் தூக்கிக்கொண்டு உன்ர ரூமுக்கு வரட்டோ?” என்றா தாய். “உன்ர உடுப்புக் கும்பிக்கு நடுவில எங்க வைக்கிறது அவவ?”

 மகள் அடுத்த நாளும் வரவில்லை.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது, அவ இருக்கிற அறை சூடாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், முதலில் அந்தக் கேஸ் ஹீட்டரை வெளியில் போடுங்கள் என்றார். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை.

ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற ஊர்ச் சிநேகிதன் வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனோம். நல்ல சூடு. பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நிலத்தில் படுத்துக்கொண்டார்கள். ஆனால் விறகு வைக்க அவன் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி புகை வெளியே வந்தது. இரண்டாம் முறை திறந்தபோது என் மனுசி இருமிக்கொண்டே எழும்பிப் போய்க் காருக்குள் இருந்துவிட்டா. விறகு சரிவராது என்று அன்றைக்கே தெரிந்தது.

பெல்லட் அடுப்பைப் பற்றி என்னோடு வேலை செய்தவர் ஒருவர்தான் சொன்னார். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சித் துண்டுகள். மூட்டையாக வாங்கி மேல்பெட்டியில் கொட்டினால், ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். எரியும்போது கதவைத் திறக்கத் தேவையில்லை, அறைக்குள் புகை வராது. எவ்வளவு சூடு வேண்டுமென்று திருப்பி வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கையில் கொஞ்சம் தந்தும் விட்டார். அதைப் புக்கெகோஹிக்காரனுக்குக் காட்டினேன்.

“என்ன மச்சான், இவ்வளவு தூரம் வந்து கோழித்தீன் எரிக்கப் போறீரோ?” என்றான்.

அவன் சிரித்தாலும் எனக்கும் பயம் இருந்தது. அந்த அடுப்புக்குக் கரண்ட் வேண்டும். திருகும் காற்றாடியும் கரண்டில்தான் ஓடும். நான் நகர மையத்தில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தவன். சில வருஷங்களுக்கு முந்திய ஒரு கோடையில்தான் நகரத்துக்குக் கரண்ட் கொண்டுவருகிற கேபிள்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, கிழமைக்கணக்கில் கட்டடங்கள் இருட்டுக்குள் கிடந்தன. டோர்ச் லைட்டோடு படியேறியவன் நான். கரண்டை நம்பி ஒரு நெருப்பை வீட்டுக்குள் வைப்பதா?

ஆனாலும் அதைவிடப் பெரிய சிக்கல் மாதாதான். அடுப்பு என்றால் புகைக்கூடு வேண்டும். எங்கள் வீட்டுப் புகைக்கூட்டுக்குக் கீழே குடியிருந்தது மாதா.

“மாதாவைக் கிளப்பிப்போட்டு அந்த இடத்தில நெருப்பை வைக்கிறதோ?” என்றா மனுசி. “என்ர நெஞ்சு இழுத்தா இழுக்கட்டும்.”

நான் அளவு நாடாவோடு ஹோலைச் சுற்றிச் சுற்றி மாதாவுக்கு இடம் தேடினேன். டிவி மேசைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். “அப்ப பிள்ளையள் செபத்தில எதைப் பாக்குங்கள்?” என்றா. ஜன்னல் மூலை என்றேன். “மழைத்தண்ணி ஒழுகிற இடம்.” புத்தக அலுமாரிக்கு மேலே என்றேன்.  அண்ணாந்து அலுமாரியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. நான் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். குடும்பம் சூடாக ஒன்றாயிருந்து செபிப்பதென்றால் மாதா தானே நகர்ந்து இடம் விடுவா என்றார். சந்தோஷமாக வந்து மனுசியிடம் சொன்னேன்.

“சுவாமிக்குச் சொல்லுறது லேசு,” என்றா. “அவற்ற வீட்டில ஒவ்வொரு அறைக்கும் ஹீட்டர் இருக்கு.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் தனியாக மாதாவிடம் கேட்டுத்தான் பார்த்தேன். அம்மா, உமக்கும் இடம் வேண்டும், இவவுக்கும் மூச்சு வேண்டும், எனக்கு வழி தெரியவில்லை என்று. வேறென்ன கேட்பது.

ஒரு மழை நாள் பின்னேரம். செபமாலை பாதி போயிருக்கும். மனுசியின் குரல் நடுவில் நின்றது. பம்பை இழுத்தா, பிறகும் மூச்சு வரவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்துவிட்டா. நான் முதுகைத் தடவ, மூத்தவள் இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். தன் போர்வையைக் கொண்டுவந்து தாயைச் சுற்றிப் போட்டாள். மூச்சு ஒருவாறு சீராகி வந்ததும் தாய் திரும்பவும் செபமாலையைக் கையில் எடுத்தா.

“அம்மா, ஸ்டொப்,” என்றாள் மகள். கண்ணெல்லாம் கலங்கிப் போயிருந்தது. பிறகு தமிழில், “நீங்கள் செத்துப்போனா மாதாக்கு விருப்பமோ?”

அப்படியொரு கேள்வியை நான் கேட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். மகள் கேட்டதும் அவ செபமாலையை மடியில் வைத்தா. பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பெல்லட் அடுப்புக் கடை சனிக்கிழமை திறந்திருக்குமோ?” என்றா. “பாக்க மட்டும்தான்.”

கடையில் அடுப்பொன்றை எரியவிட்டு வைத்திருந்தார்கள். நான் முன்னால் நின்று, மூட்டை எவ்வளவு பாரம், சாம்பல் எப்போது அள்ள வேண்டும், காற்றாடிச் சத்தம் இவ்வளவுதானா என்று விற்பனைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மனுசி அடுப்புக்குக் கிட்டப் போய் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தா. இருமல் வரவில்லை. பிறகு ஆளைக் காணவில்லை. தேடினால், அடுப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு நிற்கிறா.

“பிள்ளை, இஞ்ச வா,” என்று மூத்தவளைக் கூப்பிட்டா. “இதின்ர குழாய் சுவருக்குள்ளாலயெல்லோ போகுது. புகைக்கூடு எங்கயெண்டு கேள்.”

மகள் கேட்டாள். விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டு வந்து காட்டினார். புகை குறைவு என்பதாலும், காற்றாடி அதை வெளியே தள்ளிவிடுவதாலும், கைமொத்தக் குழாய் ஒன்று போதும். வெளிச்சுவரில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுபோகலாம். கவுன்சில் அனுமதி எடுத்து, தாங்களே பொருத்திப் பூட்டித் தருவதாகச் சொன்னார். இருக்கிற சிம்னியைத் தொட வேண்டியதில்லை.

இத்தனை நாள் நான் அளவெடுத்ததெல்லாம் மாதாவுக்குத்தான். அடுப்புக்கு வேறு இடம் இருக்கலாம் என்று ஒருமுறையாவது யோசிக்கவில்லை.

“அப்ப மாதா அங்கயே இருக்கட்டும்,” என்றா மனுசி. “இது எதிர்ப் பக்கத்து வெளிச்சுவரில.”

“கரண்ட் போனா?” என்றேன் நான். விற்பனைக்காரர் மறைக்கவில்லை. நெருப்பு அணைந்துவிடும், கொஞ்சம் புகை மணம் வரலாம், ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவிடுங்கள் என்றார்.

“போனா அண்டைக்குப் போர்வையோட செபம் சொல்லுவம்,” என்றா அவ. “இப்ப மட்டும் என்ன செய்யிறம்?”

இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், பெல்லட் அடுப்பு நல்லதோ என்று. எங்கள் வீட்டுக்கு நல்லது என்றுதான் சொல்வேன். ஒரு பெரிய அறைதான் சூடாகும், மற்ற அறைகளுக்குக் கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சம் போகும். மூட்டை தூக்க ஒருவர் வேண்டும். மூட்டைகளைக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றை நான் கராஜில் ஒழுக்குக்குக் கீழே வைத்துவிட்டேன், புட்டு மா மாதிரி உதிர்ந்து போனது. சாம்பல் அள்ளாவிட்டால் நெருப்பு சிணுங்கும். இதெல்லாம் சரியென்றால் வாங்குங்கள்.

அடுப்பு பூட்டிய கிழமை, பிள்ளைகளை நான் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களோடு தாங்களாகவே ஹோலுக்கு வந்து நிலத்தில் பரப்பிக்கொண்டார்கள். பொழுதுபட்டதும் அவர்கள் இருந்த இடத்திலேயே செபமாலை தொடங்கியது. முகம் மாதாவுக்கு, முதுகு நெருப்புக்கு. காற்றாடிச் சத்தத்துக்கு மேலால் சொல்ல வேண்டியிருந்ததால் எல்லோருக்கும் குரல் உயர்ந்தது. கண்ணாடிகளில் ஈரம் குறைந்தது. மனுசியின் பம்ப் அலுமாரித் தட்டில் கிடந்தது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒருமுறை, காற்றோடு பெய்த மழையில், செபத்துக்கு நடுவில் கரண்ட் போனது. காற்றாடி நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. புகை மணம் இலேசாக வந்தது. நான் எழும்பி ஜன்னலை ஒரு விரல் திறந்துவிட்டு, மனுசியின் நெஞ்சுச் சத்தத்தைத்தான் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ பம்புக்காகக் கை நீட்டவில்லை. மூச்சு நிதானமாகப் போய் வந்தது. மாதாவுக்கு முன்னால் எரிந்த திரியின் வெளிச்சம் மட்டும்.

பிள்ளைகள் தங்கள் அறைகளுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மூத்தவள் தாயின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தானே தொடங்கினாள், தடக்கித் தடக்கி, தமிழில். சின்னவள் பின்னால் சொன்னாள். அறையில் இன்னும் சூடு இருந்தது.

கரண்ட் திரும்பி வந்தபோது நாங்கள் கடைசி மணிகளில் இருந்தோம். அடுப்பை மூட்ட ஒருவரும் எழும்பவில்லை, சொல்லி முடிக்கும் வரைக்கும்.