மெர்சியை முட்டாத காட்டுமாடு

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மெர்சி இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிப்பவள். போன ஆடியில் ஒரு நாள் காலை, பத்தடி தள்ளிப் புதருக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று தலையைத் தூக்கியது. மெர்சி சாக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். சரிவில் தேயிலை வேரில் பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முழங்காலுக்குள் 'படக்'கென்று ஒரு சத்தம். மாடு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைத் தின்னப் போய்விட்டது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் தைலம் கொடுத்தார். "வயசாச்சில்லீங்க அம்மணி, வாதம்."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இல்லாத வாதமுங்களா?"

அவர் இன்னொரு தைலமும் கொடுத்தார்.

மூன்று வாரமாகியும் கால் நிற்கவில்லை. படி இறங்கினால் முழங்கால் தானாக மடங்கியது. தொழிற்சங்கத்து ஜபருல்லா அவளைப் பஸ்ஸேற்றிக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அங்கே எலும்பு டாக்டர் அவள் காலை மடக்கி வைத்து, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர் மாதிரி அது நகர்ந்து வந்தது. ஸ்கேனும் அதையே சொன்னது: நடுவில் இருக்கும் ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது, பக்கத்து ஜவ்வும் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்தான் வழி.

நஷ்டஈடு கேட்டு மேனேஜரிடம் போனார்கள். அவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

"காட்டுமாடு எஸ்டேட் சொத்தில்லீங்களே. வனத்துறையைக் கேளுங்க."

வனவர் படிவத்தை எடுத்து வைத்தார். "முட்டுச்சுங்களா?"

"இல்லீங்க."

"மிதிச்சுதுங்களா?"

"பாத்துச்சுங்க."

வனவர் பேனாவை மூடினார். மாடு பார்த்ததை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. வேர் எஸ்டேட்டுடையது, அதனால் எஸ்டேட்டைத்தான் கேட்க வேண்டும் என்றார். மறுபடி போனபோது மேனேஜர் யோசித்துச் சொன்னார்: "கொழுந்து பறிக்கத்தானுங்க சம்பளம். ஓடச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

மெர்சிக்கு அழுகை வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கத்தான் தோன்றியது. சிரித்தால் கால் வலித்தது.

அடுத்த வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் லீவு எழுதிக்கொடுக்கக் காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அங்கே உட்கார்ந்ததே அன்றுதான். எதிர்ச்சுவரில் தூசி படிந்த பலகை ஒன்று: 'வனவிலங்கைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடவும். — நிர்வாகம்.' இரண்டு முறை படித்தாள். பிறகு ஜபருல்லாவைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நான் ஓடுனது வேலைங்க. எழுதியே போட்டிருக்காங்க. வந்து போட்டோ புடிங்க."

சங்கம் மனு கொடுக்க, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. எஸ்டேட் வக்கீல் அரைமணி நேரம் பேசினார். ஓடாமல் நின்றிருந்தால் மாடு ஒன்றும் செய்திருக்காது என்பதற்கு, மாடு ஒன்றுமே செய்யாததையே சாட்சியாகக் காட்டினார். அதிகாரி போட்டோவைப் பார்த்தார். "ஓடச் சொன்னது நீங்க. அவங்க ஓடியிருக்காங்க. வேலை நேரத்துல, வேலை செய்யற எடத்துல. வேற என்ன வேணும்?"

ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் முடிந்தது. ஆறு மாதம் துண்டை மடித்து முழங்காலுக்கடியில் வைத்து அழுத்தினாள், சுவரைப் பிடித்து நடந்தாள். மருத்துவக் குழு இருபது சதவீத ஊனம் என்று எழுதியது. அதைக் கணக்கிட்டுத் தொகை வந்தது. அவள் பேராசைப்பட்ட அளவுக்கு இல்லை, மேனேஜர் பயந்த அளவுக்கும் இல்லை. பலகையில் 'ஓடவும்' என்பதை அழித்து 'சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்ளவும்' என்று எழுதிவிட்டார்கள். எப்படி நடந்துகொள்வது என்று பெண்கள் கேட்டதற்குப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள்.

மெர்சிக்கு இப்போது எடை போடும் கொட்டகையில் உட்கார்ந்த வேலை. நஷ்டஈட்டு ரசீதில் கையெழுத்து வாங்கும்போது மேனேஜர் கேட்டார்: "இனிமே ஓடமாட்டீங்கல்ல?"

"முடியாதுங்க. அதுக்குத்தானுங்களே குடுத்தீங்க" என்று சொல்லி, நிதானமாகப் பெயரை எழுதினாள்.