விமானத்துக்கு வயர் கட்டிய சித்தி

பாறசாலையில் என் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். பெருநாளோ கல்யாணமோ தேர்தலோ, அவரைத்தான் கூப்பிடுவார்கள். மரத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டுவதும், பேச வருகிறவர்களின் உயரத்துக்கு மைக்கைச் சரிசெய்து கொடுப்பதும் அப்பா. கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பழுது பார்ப்பது அம்மாவின் தங்கை, என் சித்தி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். கடையின் பின்னறையில் அப்படி ஒருத்தி இருப்பதே பலருக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதானபோது, எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆண்டு விழாவில் வானத்திலிருந்து பூத்தூவ வேண்டும் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. குளத்தூரில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். பிள்ளைகள் நாங்கள் அவரை விமானத் தாத்தா என்றோம். இறக்கையைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, ரப்பர் மரங்களை முறித்து மட்டப்படுத்திய ஒரு விளைநிலத்தில் அதைப் பூட்டி நிறுத்தினார்கள். அதில் பேட்டரி கிடையாது, விளக்கு கிடையாது. முன்னாலிருக்கும் விசிறியைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். பேசுவதற்கு ஒரு கையடக்க ரேடியோ மட்டும் உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால், கீழே இருப்பவர்களோடு பேச முடிந்தால்தான் பறக்கலாம் என்று அனுமதியிலேயே எழுதியிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, ரேடியோவில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டுமே கேட்டது. இதை வைத்துக்கொண்டு ஏற முடியாது என்றார் விமானத் தாத்தா. பூவுக்குச் சொல்லியாயிற்று, அக்கம்பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் அழைப்பும் போயாயிற்று. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நம்ம கடையிலேயே சரியாக்கிவிடலாம் என்று அப்பா தைரியமாகச் சொன்னார். சொன்ன கையோடு, சித்தியைக் கூட்டிவர என்னை ஓடவிட்டார்.

சித்தி வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பொரிகிற சத்தம் நின்றது. ஓட்டச் சொன்னாள், மறுபடியும் வந்தது. எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் பிளக்கின் வயர்தான் இந்தச் சத்தத்தைப் போடுகிறது என்றாள். மைக் வயருக்குள் இருக்கும் செம்புப் பின்னலை உருவி, பிளக் வயருக்குச் சட்டை மாதிரி மாட்டி, நுனியை எஞ்சினோடு சேர்த்து முறுக்கினாள். ரேடியோவின் குட்டை ஏரியலைக் கழற்றிவிட்டு, இரண்டடிக் கம்பி ஒன்றை அளந்து வெட்டி விமானத்தின் அடித்தகட்டில் நிறுத்தினாள். பறக்கிறவர்கள் போடும் இரண்டு ஹெல்மெட்டுகளுக்குள்ளும் சின்ன மைக்கும் ஸ்பீக்கரும் வைத்தாள். பேசும்போது அழுத்துவதற்குக் காலிங்பெல் சுவிட்ச் ஒன்று. ரேடியோ பாதி வழியில் அணைந்துவிடாமலிருக்க, பைக் பேட்டரியைத் துணிப்பையில் போட்டு இருக்கைக்கடியில் இறுக்கிக் கட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவள் எழவில்லை. அப்பா பக்கத்தில் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார், பாதி தப்பாக.

வேலை முடிந்ததும், கட்டின ஆளே கூட வந்து கேட்டுப் பார்க்கட்டும் என்றார் விமானத் தாத்தா. அப்பா சட்டைக்கையை மடக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“வயர் கட்டினது ஆராக்கும்?” என்று கேட்டார் தாத்தா.

அப்பா கொஞ்சம் தயங்கி, “அவதான்,” என்றார்.

கல்யாணமாகாத பெண் என்று சொல்லி அம்மா சித்தியின் கையைப் பிடித்தாள். சித்தி மெல்ல விடுவித்துக்கொண்டு ஷாலை இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

“ஒண்ணும் ஆவாது அக்கா. நான் கட்டினதாக்கும். போயிட்டு வாறேன்.”

கீழே இன்னொரு ரேடியோ இருந்தது. அப்பா அதைப் பிடித்திருக்க, நான் காதை ஒட்டிவைத்தேன். விமானம் தென்னைகளுக்கு மேலே எழும்பிப் பொழியூர்ப் பக்கம் திரும்பியது.

“மக்கா, கேக்குதா?”

அடுத்த அறையிலிருந்து பேசுவது போலிருந்தது. கேட்கிறது என்றேன்.

“கடல் முழுசும் தெரியுது மக்கா. நம்ம வீட்டைத் தேடுறேன், காணல்ல.”

வீட்டைக் காணாததில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் பூக்களில் பாதி சபையின் மேலும், பாதி பக்கத்துக் கோயில் குளத்திலும் விழுந்தன. கோயில்காரர்களுக்கும் சந்தோஷம்தான். மேடையில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கை வலிக்கத் தட்டினேன்.

புறப்படும்போது விமானத் தாத்தா, விமான ரேடியோ வேலை படிக்கும் இடத்தின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி அதை அப்பாவிடம் காட்டினாள். பார்க்கலாம் என்று அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டையோடு காகிதமும் துவைக்கப்பட்டது. நைந்து கிடந்ததை நான்தான் பையிலிருந்து வழித்து எறிந்தேன். சித்தி வந்து கேட்டபோது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, அதனால் போட்டுவிட்டேன் என்றேன். அவள் திட்டவில்லை. துவைகல்லுக்குப் பின்னால் சேம்புச் செடிகளுக்கிடையில் முழங்காலிட்டு, துண்டு துண்டாகப் பொறுக்கினாள். பின்னறை விளக்கின் கீழே ஊசிமுனையால் அவற்றை விரித்து, காயவைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்தாள். அடுத்த ஜூனில் சென்னைக்கு ரயிலேறினாள். அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காகிதத் துண்டுகளை அவள் சேர்த்த அந்தச் சாயங்காலம், பக்கத்தில் நின்ற எனக்கு அலுப்பாக இருந்தது. குளத்தூருக்கு ஒரு போன் போட்டால் தாத்தா வேறு காகிதத்தில் எழுதித் தந்துவிடுவாரே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று நினைத்தேன். அந்த ஒரு போனுக்கு எங்கள் வீட்டில் அவள் எத்தனை பேரிடம் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.