தெர்மாகோல் பிடித்தவள்

என் மனைவி இறந்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவள் படம் ஒன்று வேண்டும் என்று அவள் தம்பி கேட்டான். மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவு. பன்னிரண்டுக்குள் அடித்து ஒட்டினால்தான் நாலு பேருக்குத் தெரியும். "சீக்கிரம் குடு மாமா" என்றான். நான் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். உள்ளே நாலு வருஷத்துப் படங்கள். அத்தனையும் பாட்டில்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை போனபின், பருத்திப்பட்டு வீட்டின் முன்னறையில் ஆரம்பித்த தொழில் இது. தலைக்கு எண்ணெய், தேன், அத்தர் என்று பாட்டிலில் அடைத்து ஆன்லைனில் விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பேன். கண்ணாடி பொல்லாதது. எதிரில் எது நின்றாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் தெரியும், டிவி தெரியும், என் தொப்பை தெரியும். அதனால் பாட்டிலுக்குப் பின்னால் பட்டர் பேப்பர் கட்டி, அதன் வழியாக விளக்கைப் போடவேண்டும். விளிம்பு எடுப்பாகத் தெரிய இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை. எண்ணெய் பொன்னிறமாக மின்ன, வெளிச்சத்தைத் திருப்பிவிட யாராவது ஒரு வெள்ளைத் தெர்மாகோலைச் சரிவாகப் பிடிக்கவேண்டும். ஸ்டாண்ட் வைத்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் திருகிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவள்தான் பிடித்தாள்.

நிம்மதியாகப் பிடிக்க விட்டேனா என்றால், அதுவும் இல்லை. "உன் நைட்டிப் பூ பாட்டில்ல பூக்குது, தள்ளு" என்று கத்துவேன். வளையல் தெரிகிறது என்று கழற்ற வைத்தேன். கடைசியில் ஒரு கறுப்புப் போர்வையைத் தலைவழியாகப் போர்த்திவிட்டேன். ஃபேனும் போடக்கூடாது, பேப்பர் ஆடும். உள்ளே வியர்த்துக்கொண்டே சிரிப்பாள். "யோவ், உயிரோட கீற பொண்டாட்டிய இப்டி மூடி வெச்சிகினு, பாட்டிலுக்கு இன்னா பவுசு பாரு!" அப்படியும் மூக்கோ விரலோ கண்ணாடியில் விழுந்துவிடும். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி அதைத் தேடித் தேடித் துடைப்பேன். துடைப்பதற்கு முந்தைய படங்களை, இடத்தை அடைக்கிறது என்று அழித்தும்விடுவேன். அதில் எனக்குக் கர்வம் வேறு.

ஒரே ஒருமுறை அவளே கேட்டாள். தம்பி கல்யாணத்தன்று காலை, மாம்பழக் கலர் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து பட்டர் பேப்பர் முன்னால் நின்றாள். "இந்த லைட்டுலயே என்னையும் ஒண்ணு எடேன்யா." ஒரு மணி நேரமாகப் போராடி, அப்போதுதான் தேன் பாட்டிலுக்கு வெளிச்சம் சரியாக வந்திருந்தது. "நவுரு நவுரு, எல்லாம் கலைஞ்சிடும். உன் மூஞ்சி எங்க ஓடிடப் போவுது, நாளைக்கு எடுக்கிறேன்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எடுக்கிற மூஞ்சியப் பாரு" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பிப் போனாள். மறுநாள் வேறு பாட்டில் வந்தது. பாவி, நான் மறந்தே போனேன்.

பிறகு மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் மூச்சுத் திணறல், அவ்வளவுதான்.

தேடினேன். எங்கள் கல்யாண ஆல்பம், வீட்டுக்குள் தண்ணீர் வந்த மழையில் ஊறிப் போயிருந்தது. தம்பி கல்யாணப் படங்களில் அவள் முதுகும் பாதிக் கன்னமும் மட்டும். பந்தியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் போனில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், கோலம் இருந்தது, நான் இருந்தேன். வேறு வழியில்லாமல் அவளுடைய ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, மச்சானும் நானும் பைக்கில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் போஸ்டர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். யாரோ ஒருத்தி மிரண்டு விழித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"வேற நல்ல போட்டோ இல்லியாண்ணா?"

"இல்லப்பா."

அவருக்கு என்னைத் தெரியாது. நல்ல மனுஷன், வருத்தத்தோடுதான் சொன்னார். "இன்னாண்ணா நீங்க. போட்டோ புடிக்கிறவன் எவனாவது தெருவுல கீறானான்னு பாத்து, நல்லா கீறப்பவே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெச்சிருக்கணும்ப்பா" என்றேன். "இதையே அடிச்சிடு."